ஜனவரியில் ஒரு தசரா

ஜனவரி 22, வியாழன்

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். திருச்செந்தூருக்குத் தெற்கே, பனங்காட்டை அழித்துக் கட்டிய ரிசார்ட். வாசலில் சிவப்புச் சேலை கட்டிய பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். பக்கத்தில் இரண்டு பேர் மேளம் அடித்தார்கள். கார் ஏசியில் ஏற்கெனவே காது அடைத்திருந்தது, மிச்சமும் போயிற்று.

இந்த ஐந்து நாளுக்கு ‘தசரா அனுபவத் தங்கல்’ என்று பெயர். குலசை முத்தாரம்மன் தசரா, நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டித் தட்டேந்தும் திருவிழா, புரட்டாசியில் வரும். ஜனவரியில்தான் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். அதனால் அம்மனையும் ஜனவரிக்கு மாற்றிவிட்டார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் என் மணிக்கட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டையை மாட்டினாள்.

“இதுதான் காப்பு மேடம். இதக் காட்டுனாதான் ரூம் கதவு தொறக்கும்.”

“கழட்டுனா?”

“வெளிய நிக்க வேண்டியதுதான் மேடம்” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஜனங்கள் நாற்பது நாள் விரதம் இருந்து, ஒரு வேளைச் சோறு தின்று கட்டுகிற காப்பு அது.

எல்லாம் ரத்தினாம்பாள் ஏற்பாடு. வைகாசியில் என் மகள் முத்தரசியைக் கட்டப்போகிற நிரஞ்சனின் அம்மா. கோயம்புத்தூர். இரண்டு குடும்பமும் சேர்ந்து நாலு நாள் இருந்தால் பழகிவிடலாமாம். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இப்போதே வார்த்தைக்கு வார்த்தை சம்பந்தி. காரில் வழி முழுக்க அவள் வாய்தான்.

“ஏனுங் சம்பந்தி, உங்க ஊட்டுக்காரரு எப்படித் தவறிப்போனாருங்?”

“ஆக்சிடென்ட்.” பதினாறு வருஷமாக எல்லோருக்கும் சொல்லும் பதில்.

“எந்த எடத்துலீங்?”

“தென்காசி ரோட்டுல.”

“ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போனாங்ளா, அங்கயேங்ளா?”

இப்படி எவளாவது கேட்பாளா? முத்தரசி ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அறை மாடியில். இருபத்திரண்டு படி, லிப்ட் இல்லை. முத்தரசிக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினாள். ரத்தினாம்பாளிடம் சொன்னேன், இதையெல்லாம் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டாமா என்று. “அவளேதானுங் எடத்தைக் காட்டினது” என்றாள். பழியை என் மகள் மேலேயே போடுகிறாள்.

கல்யாணப் பத்திரிகைக்கு நான் எழுதிய வாசகத்தை அவளிடம் கொடுத்தேன். ‘அமரர் இலங்காமணி – சண்முகக்கனி தம்பதியரின் மகள்.’ கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “அப்புறம் பாத்துக்கலாமுங்” என்று பையில் வைத்தாள்.

குளியலறையில் ஏழு துண்டு. எதற்கு எது என்று தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை.

ஜனவரி 23, வெள்ளி. காலை

நிகழ்ச்சி நிரல் கதவுக்கு அடியில் கிடந்தது. பத்தரைக்கு வேஷத் தேர்வு. நாலரைக்குத் தர்மம் எடுத்தல். ஐந்தரைக்குக் காளி வருகை. சூரசம்ஹாரம் நாளை மாலை ஆறுக்கு. குழந்தைகள் தூங்குவதற்குள் மகிஷாசுரனைக் கொன்றுவிடுவார்கள்.

வேஷங்களைத் துணிக்கடை மாதிரி கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று சீட்டு. ரத்தினாம்பாள் போலீஸ் வேஷம் எடுத்துக்கொண்டாள், பொருத்தமாகத்தான் இருந்தது. நிரஞ்சன் கரடி. நல்ல பையன்தான், ஆனால் யார் என்ன கொடுத்தாலும் போட்டுக்கொள்வான் போலிருக்கிறது. முத்தரசி பிச்சைக்காரி வேஷத்தை எடுத்தாள். கிழித்துக் கிழித்தே தைத்த புதுத் துணி.

“வேற எடு முத்தரசி.”

“ஏம்மா? நம்மூர்ல கலெக்டர் வீட்டுப் பிள்ளையே தட்டேந்துமே.”

“அது நேர்ச்சை. இது கூத்து.”

“நேர்ச்சையப் பத்தி நீங்க பேசுதீங்களா?” என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று தெரியவில்லை. சாமி விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

நான் எந்த வேஷமும் போடவில்லை.

அதே நாள், மாலை

தர்மம் எடுத்தார்கள். விருந்தாளிகள் தட்டேந்தி அறை அறையாகப் போக, உள்ளே இருக்கும் விருந்தாளிகள் சாக்லேட் காசு போட்டார்கள். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் “அம்மா தாயே” என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்குக் காளி வந்தது. கறுப்பு முகம், வெளியே தொங்கும் நாக்கு, இடுப்பளவு சடை, முதுகில் மரக்கைகள். ஆட்டம் மட்டும் பொய்யாக இல்லை. புல்தரை முழுக்க அமைதியாகிவிட்டது. ஒரு சுற்று வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றது.

எட்டுக் கையில் இரண்டுதான் நிஜக் கை. அதில் இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்தது, பஸ் கதவில் நசுங்கினால் மடங்குவதுபோல.

தலைவலி. ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 24, சனி. காலை 7 மணி

ஊருக்குப் போய்விடலாம் என்றேன். முத்தரசி மாட்டேன் என்றாள். காரணம் கேட்டாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

10 மணி

புகார் எழுதிக் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவள், கடைசி ஒன்பது வருஷம் சப் போஸ்ட்மாஸ்டர். எப்படி எழுதினால் நடவடிக்கை வரும் என்று எனக்குத் தெரியும். காளி வேஷமிட்ட ஊழியர் பெண் விருந்தினரை நெருங்கி வந்து அச்சுறுத்தும் வகையில் நின்றார். குடித்திருப்பாரோ எனச் சந்தேகம். மற்ற விருந்தினரின் பாதுகாப்பைக் கருதி அவரை உடனே விலக்கி வைக்கவும்.

சந்தேகம் என்றுதான் எழுதினேன். குடித்திருந்தான் என்று எழுதவில்லை.

மேனேஜர் பத்து தடவை மன்னிப்புக் கேட்டார். பழத்தட்டு ஒன்று அறைக்கு வந்தது. அன்னாசி புளிப்பு.

4 மணி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் ரத்தினாம்பாள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

“காளி வேசக்காரரு மேல எழுதிக் குடுத்தீங்ளாமா?”

“கொடுத்தேன். விருந்தாளியாக எனக்கு உரிமை இருக்கு.”

“அவரை ஆட்டத்தை உட்டு நிறுத்திப்போட்டாங்க. தெரியுங்ளா?”

“எனக்கென்ன?”

அவள் பையிலிருந்து பத்திரிகை வாசகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அமரர் என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

“உசுரோட இருக்கறவரு பேருக்கு முன்னால இதைப் போட எனக்குக் கை வராதுங்க, சண்முகக்கனி.”

சம்பந்தி என்று சொல்லவில்லை. பேர் சொன்னாள்.

நான் மறுத்தேன். சத்தம் போட்டேன். என் வீட்டு விஷயத்தில் தலையிட நீ யார் என்று கேட்டேன். என் மகளுக்கு உன் பிள்ளை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் அசையவில்லை.

“பொண்ணுக்கு அப்பா குடிச்சாரு, ஓடிப்போனாரு, அதெல்லாம் எங்க ஊட்லயும் உண்டுங்க. நான் அதுக்கு வரலை. பொய்யி மேல தாலி கட்ட வேண்டாம்னுதான் உங்களை இங்க கூட்டியாந்தேன். ரிசார்ட்டு உங்க மக சொன்ன எடம். எனக்குக் கார்த்திகை மாசமே தெரியுமுங்.”

அவள் போகக் கதவைத் திறந்தபோது முத்தரசி வெளியே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. உள்ளே வந்தாள்.

“மூணு வருஷம் ஆச்சும்மா” என்றாள். “எங்க ஆஸ்பத்திரில இருந்து தசராவுக்கு மருத்துவ முகாம் போட்டோம். காளி வேஷம் கட்டுன ஒருத்தர் தோள் வலின்னு வந்தாரு. மரக்கை கனம். கழுத்துல இருந்த மையைத் தொடச்சுக்கிட்டே பேரு கேட்டு எழுதினேன். இலங்காமணின்னாரு. ஊரு கேட்டேன். அதுக்கு மேல எழுத முடியல.”

“அப்பமே என்ட்ட வந்து கேட்டிருக்கலாம்லா?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். மூணு ஆடி அமாவாசைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்பாட்ட போன்ல பேசிட்டு வந்து அப்பாவுக்குன்னு காக்காவுக்குச் சோறு வச்சிருக்கேம்மா. நீங்க பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம் நெய் விடுன்னீங்க.”

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை. நோயாளியிடம் எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்பதுபோல் பேசினாள்.

நான் செய்ததற்குக் காரணம் உண்டு. அதை எழுதி வைக்கிறேன். முத்தரசிக்குப் பதினொரு வயது. அவன் அப்போது பஸ் கண்டக்டர், சுண்டுவிரல் நசுங்கியதும் அந்த வேலையில்தான். குடித்துவிட்டு, டியூஷனிலிருந்து குழந்தையை ஸ்கூட்டரில் கூட்டி வந்தான். லாரிக்கு ஒதுங்கி பாலத்துச் சுவரில் மோதினான். குழந்தைக்கு இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, நடப்பாள், ஆனால் பழையபடி நடக்கமாட்டாள் என்று சொன்னபோது பக்கத்தில்தான் நின்றான். திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை. மயக்கம் தெளிந்து அப்பா எங்கே என்று குழந்தை கேட்டது. ஓடிப்போனான் என்று எப்படிச் சொல்வேன்? செத்துப்போனார் என்றேன். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அங்கே விதவையாகவே போய் இறங்கினேன்.

எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள்.

இரவு 9 மணி

சாயங்காலம் சூரசம்ஹாரம் நடந்தது. ஜன்னலை மூடிவிட்டேன். காளியாக வேறு யாரோ ஆடினார்களாம். சரியில்லை என்று அடுத்த அறைக்காரர்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

ஜனவரி 25, ஞாயிறு

இட்லி கல். முத்தரசி மற்றவர்களோடு வேறு மேஜையில் உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு அவனைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று சொல்லப் போனேன். வரவேற்புப் பெண் முதலில் தயங்கி, பிறகு பின்பக்கம் கை காட்டினாள். சலவைக்கூடம். விசாரணை முடியும்வரை விருந்தாளிகள் கண்ணில் படாத வேலையில் வைத்திருக்கிறார்களாம்.

பெரிய பெரிய மெஷின்கள், நெருப்பாய்ச் சூடு. படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் சாயம் இல்லாமல் பார்த்தபோது வயதானவனாகத் தெரிந்தான். காது மடலில் மட்டும் கறுப்பு மை போகாமல் இருந்தது.

“உக்காரு கனி. ஸ்டூல் இருக்கு.”

“உட்கார வரல. வைகாசி மாசம் நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது. ஏற்கெனவே நல்லா இருந்த பிள்ளைய நொண்டியாக்குனது போதும்.”

“சரி” என்றான்.

சண்டை போடுவான் என்று வந்தவளுக்கு அந்தச் சரி இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது.

“சாமி வேஷத்தை வெள்ளக்காரனுக்கு ஆடிக் காட்டுறதுக்கு வெக்கமா இல்லையா?”

“இங்க ஆடுறது வெறும் துணி. காப்புக் கட்டாம ஆடுதேன். கோயில்ல ஆடுறதுதான் வேஷம். பாப்பாவுக்குக் காலு நேராவணும்னு நேந்துக்கிட்டேன். பதிமூணு வருஷம் தட்டேந்தியாச்சு. காலு நேராவல. நானும் வேஷத்த விடல.” மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தான். “குடிச்சிருந்தான்னு எழுதினியாமே. அத மட்டும் எழுதியிருக்க வேண்டாம். நிறுத்திப் பதினாலு வருஷம் ஆச்சு.”

“சந்தேகம்னுதான் எழுதினேன்.”

“ஆமா. நீ நல்லாத்தான் எழுதுவ. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆறு லெட்டர்லயும் பாத்தேம்லா.”

மெஷின் சத்தம் நின்றுவிட்டதுபோல் இருந்தது. நிற்கவில்லை, எனக்குத்தான் காது கேட்கவில்லை.

“பாப்பாட்ட சொல்லியாச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல. நான் லெட்டரே போடலன்னு சொல்லிட்டேன். ஒரு அப்பன் பிள்ளைக்கு ஒரு காயிதம்கூடப் போடலையான்னு அழுதா. அழுதா அழுதுட்டுப் போறா. அவளுக்குக் கூட இருந்தது நீதான? உன்னையும் இல்லாம ஆக்கச் சொல்லுதியா?”

திரும்பி வந்துவிட்டேன்.

அவன் எனக்குத் தயவு காட்டியிருக்கிறான். அவன் எனக்கு!

3 மணி

லெட்டர் விஷயத்தை எழுதாமல் விட்டால் இந்த டைரிக்கே அர்த்தமில்லை.

ஓடிப்போய் இரண்டு வருஷம் கழித்து அவன் நாங்கள் இருந்த ஊருக்கு வந்தான். குடியை விட்டிருந்தான், பார்த்தாலே தெரிந்தது. முத்தரசி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். “நீங்க செத்தாச்சு. ஊர் பூரா சொல்லியாச்சு. போயிருங்க” என்றேன். போய்விட்டான். அடுத்த மாதம் முத்தரசி பிறந்தநாளுக்கு அவள் பேருக்கு ஒரு கவர் வந்தது. வருஷம் ஒன்று, அவள் காலேஜ் போகும்வரை. தபால் பையைப் பிரித்துக் கட்டுவது நான்தான். ஆறையும் பிரிக்காமலே, ‘விலாசதாரர் வீடு மாறிவிட்டார்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். முப்பத்திரண்டு வருஷ வேலையில் வேறு ஒருவருடைய கடிதத்தை நான் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விபத்து நடந்த சாயங்காலம் எனக்கு ஆபீஸில் அன்றைய கணக்கு முடியவில்லை. டியூஷன் விட்டுவிட்டது, போய்ப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்று அவனுக்குப் போன் செய்தது நான். பேசும்போதே குரலில் தெரிந்தது. தெரிந்துதான் அனுப்பினேன். பத்து நிமிஷ தூரம்தானே என்று நினைத்தேன்.

5 மணி

மேனேஜரிடம் போய்ப் புகாரைத் திரும்பக் கேட்டேன். தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றார். குடித்திருந்தார் என்பது பொய், சொன்னவள் நான், அப்படியே எழுதித் தருகிறேன் என்று வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு அவர் முகம் போன போக்கு! இந்தத் தடவை பழத்தட்டு வரவில்லை.

ஜனவரி 26, திங்கள்

எட்டரை மணி. புல்தரையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பக்கத்திலேயே மகிஷாசுரன் தலை தார்ப்பாயில் சுற்றிக் கிடந்தது, அடுத்த கூட்டத்துக்கு.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் மேஜைக்குப் போய் நின்றேன். ரத்தினாம்பாள் எழுந்து போகப் பார்த்தாள். “நீங்களும் இருங்க” என்றேன். முதலில் போன் செய்ததைச் சொன்னேன். பிறகு லெட்டரைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நிரஞ்சன் வாயில் வைத்த பூரியை மெல்லாமல் வைத்திருந்தான்.

முத்தரசி கையைத் துடைத்தாள்.

“எத்தன லெட்டர்?”

“ஆறு.”

“பதிமூணு வயசுல இருந்தா?”

“ஆமா.”

அவள் எழுந்து நேரே சலவைக்கூடத்துக்குப் போனாள். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம்.

அவர் நீலச் சீருடையில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் வண்டியை மறித்தாள்.

“அப்பா, எனக்கு லெட்டர் போட்டீங்களா?”

அவர் அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“இல்லியே பாப்பா. நான்தான் சொன்னேம்லா. எனக்கு எங்க எழுத வரும்?”

“போட்டார்” என்றேன்.

“போடல” என்றார் அவர். “உங்கம்மா என்னமோ கொழம்பிப் போயிச் சொல்லுதா.”

“ஆறு கவர். பச்சை மை. ஒண்ணுல விலாசத்துல முத்தரசிங்கிற பேர்ல ஒரு எழுத்தை விட்டிருந்தார். போட்டார், நான்தான் திருப்பினேன்.”

“கனி, சும்மா இரு.”

“நீங்க சும்மா இருங்க!”

அவ்வளவு சத்தமாக நான் பேசியிருக்கக்கூடாது. துணி மடிக்கும் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முத்தரசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கும் என்ட்ட உண்மையச் சொல்லவே தெரியாதா?” என்றாள். “ஒருத்தர் ஓடுதீங்க. ஒருத்தர் மறைக்கீங்க. இப்பம் ஒருத்தருக்காக ஒருத்தர் பொய் சொல்லுதீங்க. என்னைய யாராவது ஒரு ஆளா நெனச்சீங்களா?”

அப்போதுதான் அழுதாள். ரத்தினாம்பாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓரடி எடுத்து வைத்தேன். “இப்ப வேண்டாமுங்” என்றாள் ரத்தினாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. நிரஞ்சன் போய்க் காரை எடுத்து வந்தான். மூன்று பேரும் போய்விட்டார்கள். முத்தரசி திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணம் நடக்குமா, அதில் நான் எங்கே நிற்பேன், தெரியாது. என் பெட்டியை மட்டும் வரவேற்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வரவேற்புப் பெண் மஞ்சள் பட்டையைக் கத்தரியால் வெட்டினாள். திருச்செந்தூருக்கு மினிபஸ் பன்னிரண்டேகாலுக்கு என்றாள். நிறுத்தம் மெயின் கேட்டுக்கு எதிரே, ஒரு தகரக் கூரைக்குக் கீழே. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர் சீருடையோடு வெளியே வந்தார். வேலை நேரத்தில் வெளியே வந்தால் ஏதாவது சொல்வார்கள்.

“எதுக்கு வந்தீங்க? போய் வேலையப் பாருங்க” என்றேன்.

அவர் போகவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இன்னும் அவரைப் பிடிக்கவில்லை. பஸ் வர முக்கால் மணி இருக்கிறது. இரண்டாம் தடவை நான் போகச் சொல்லவில்லை.